பருவம் முடிந்ததும் யார் பெயர் நிற்கும்? பேராக் காற்பந்து சொல்லும் பாடம்

சித்தியவான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பொழுது விடியுமுன்னே பெரட்டு நடந்த காலம் ஒன்று உண்டு. செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் வாசிப்பார்கள். பெயருக்குக் குரல் கொடுத்தவருக்கு அன்றைக்கு வேலை. காலில் கத்தி பட்டவரும் காய்ச்சலில் படுத்தவரும் லயத்திலேயே இருப்பார்கள். அவர்களுக்கு அன்று பேரும் விழாது, கூலியும் வராது. பால் வெட்டி முடித்த அதே கால்கள்தாம் மாலையில் தோட்டத்துத் திடலில் பந்து உதைத்தன.

காற்பந்துக் குழுக்களுக்கும் ஒரு பெரட்டு உண்டு. அது பருவம் முடிந்த பிறகு நடக்கும். யார் தொடர்கிறார், யார் போகிறார், யார் புதிதாக வருகிறார் என்று பட்டியல் வெளியாகும். ரசிகர்கள் ஆவலோடு படிக்கும் அந்தப் பட்டியலில் ஒருவரை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. காலில் கட்டோடு வீட்டில் இருக்கும் ஆட்டக்காரர்தான் அவர். அவர் பெயரை அந்தக் குழு என்ன செய்கிறது என்பதை வைத்தே அதன் தரத்தைச் சொல்லிவிடலாம். பேராக் காற்பந்தின் நூறாண்டு வரலாறு இதற்குச் சாட்சி.

வேலை ஒரு கை, பந்து மறு கை

1921-இல் மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. பேராக் அதை முதன்முதலில் 1926-இல் வென்றது. அடுத்து 1931, 1957, 1967, 1970 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடியது. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குப் பந்து விளையாட்டு பிழைப்பு அல்ல. அரசு இலாகா, நகராண்மைக் கழகம், போலீஸ், இராணுவம் என்று பெரும்பாலோர் எங்காவது வேலையில் இருந்தார்கள். வேலை முடிந்து பயிற்சிக்குப் போனார்கள். ஆட்டக்காரராகவும் பின்னர் பயிற்றுநராகவும் பேராக்குக்கு உழைத்த எம். கராத்து போன்றோர் அந்தத் தலைமுறையில் உருவானவர்கள். அவருடைய பயிற்சியில் கிளந்தான் 2010-இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது.

அன்றைய மருத்துவ வசதி குறைவுதான். முழங்கால் போனால் ஆட்டமும் போய்விடும். ஆனாலும் மாதச் சம்பளம் போகவில்லை. பந்து கைவிட்டாலும் வேலை கைவிடவில்லை. சித்தியவானுக்குப் பக்கத்தில் லுமுட்டில் கடற்படைத் தளம் இருக்கிறது. கடற்படையின் குழுவும் மலேசிய லீக்கில் ஆடியிருக்கிறது. அப்படிப்பட்ட குழுவில் ஆடும் வீரருக்குக் கால் முறிந்தாலும் அவர் கடற்படை ஊழியராகவே இருப்பார். பழைய முறையின் பலம் அதுதான்.

சம்பளக்காரர் ஆன கதை

1989-இல் அரைத் தொழில்முறை லீக் வந்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வந்தார்கள். 1994-இல் ஆட்டம் முழுத் தொழில்முறையானது. அதே காலக்கட்டத்தில் ஆட்டத்தை விற்ற ஊழல் வெடித்தது. பலர் நீக்கப்பட்டார்கள், பலர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். குழுப் பட்டியல்கள் ஒரே மூச்சில் தலைகீழாக மாறின.

பேராக் அந்தப் புயலைத் தாண்டி எழுந்தது. 1998-இலும் 2000-இலும் மலேசியக் கிண்ணம், 2002-இலும் 2003-இலும் லீக் பட்டம், 2004-இல் எஃப்.ஏ. கிண்ணம் என்று ஈப்போ அரங்கம் கொண்டாடியது. பிறகு 2009-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை வந்தது. 2012-இல் அவர்கள் திரும்பினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளூர்ப் பையன்களுக்கு ஒரு கதவு திறந்தது, ஒரு கதவு மூடியது.

உலகம் எங்கும் இதே போராட்டம்தான். இங்கிலாந்தில் பருவம் முடிந்ததும் ஒவ்வொரு குழுவும் 'வைத்துக்கொள்வோர் பட்டியல்' வெளியிடும். அன்று அதில் பெயர் இருந்தால், ஒப்பந்தம் முடிந்தவர்கூட வேறு குழுவுக்குப் போக முடியாமல் இருந்தது. ஜார்ஜ் ஈஸ்தம் என்ற ஆட்டக்காரர் வழக்குத் தொடுத்து, 1963-இல் அந்த முறையை ஆட்டங்காணச் செய்தார். பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விலைப்பணம் இல்லாமல் வேறு குழுவுக்குப் போகலாம் என்றானது. தோட்டத்துப் பெரட்டில் நின்றவர்களுக்கு இந்த நியாயம் எளிதில் விளங்கும். பெயரை எழுதும் உரிமை முதலாளியிடம் மட்டுமே இருந்தால், உழைப்பவன் வாய் திறக்க முடியாது.

கிண்ணமும் வந்தது, காலி அரங்கும் வந்தது

2018-இல் பேராக் எட்டாவது முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றது. திரெங்கானுவுடன் 3-3 எனச் சமநிலை கண்டு, பினால்டி உதையில் வென்ற இறுதியாட்டம் அது. அந்தக் குழுவில் பிரெண்டன் கன் இருந்தார். கிளந்தானில் ஆடிய நாள்களில் முழங்கால் காயத்தால் நீண்ட காலம் திடலுக்கு வெளியே இருந்தவர். அவரை நம்பிப் பேராக் பட்டியலில் சேர்த்தது. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 2021-இல் சம்பள நிலுவை செய்தியானது. பருவத்தின் நடுவிலேயே ஆட்டக்காரர்கள் வெளியேறினார்கள். அந்த ஆண்டே பேராக் சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. லீக் மாற்றியமைக்கப்பட்டதால் 2023-இல் மீண்டும் மேலே வந்தது. ஆனால் பண நெருக்கடி விடவில்லை. 2025-26 பருவ சூப்பர் லீக் பேராக் இல்லாமலே தொடங்கியது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவாகி, 2019-இல் சூப்பர் லீக் வரை உயர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி குழுவும் 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. நம் பிள்ளைகள் பலருக்கு வாசலாக இருந்த குழு அது.

குழு கலைந்தால் நல்ல உடம்போடு இருப்பவர் வேறு குழு தேடிக்கொள்வார். காயம்பட்டவர் எங்கே போவார்?

காயம் ஆற எத்தனை மாதம்?

முழங்காலுக்குள் ஏ.சி.எல். என்றொரு தசைநார் இருக்கிறது. அது அறுந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம், பிறகு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். 2016-இல் வெளியான நோர்வே ஆய்வு ஒன்று, திடலுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி காயம்படும் விகிதத்தைப் பாதியாகக் குறைப்பதாகச் சொன்னது. மலேசியாவில் ஒப்பந்தங்களோ பருவத்தோடு முடிந்துவிடுவது வழக்கம். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் காயம்பட்டவருக்குக் கால் ஆறுவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். அடுத்த பட்டியல் வருமுன் திடலில் நின்றாக வேண்டும் என்று அவசரப்பட்டால் அதே கால் மறுபடி போகும்.

சட்டம் முற்றிலும் கைவிடவில்லை. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போடக்கூடாது என்கிறது ஃபிஃபா விதி. அதாவது, பரிசோதனையைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால், 15 நாள் அறிவிப்பு கொடுத்து ஆட்டக்காரர் விலகலாம் என்ற விதியை 2018-இல் சேர்த்தார்கள். நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி வந்த சொக்சோ, வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்குக் கைகொடுக்கிறது. சந்தா ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று கேட்க வேண்டியது மட்டும் நம் பொறுப்பு.

சித்தியவானிலும் ஆயர் தாவாரிலும் இன்றும் பிள்ளைகள் பந்தோடு திடலுக்குப் போகிறார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம். ஒரு குழு அழைத்தால் பெற்றோர் நான்கு கேள்வி கேட்கட்டும். ஒப்பந்தம் எத்தனை மாதம்? காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆறும் வரை சம்பளம் உண்டா? சேமநிதியும் சொக்சோவும் கட்டுகிறார்களா? பதில் எழுத்தில் இருக்கட்டும். படிப்பையோ கைத்தொழிலையோ பிள்ளை விட்டுவிடாமல் இருக்கட்டும்.

தோட்டத்துப் பெரட்டில் காயம்பட்டவனுக்காகப் பேச நெடுங்காலம் யாரும் இல்லை. தொழிற்சங்கம் வந்த பிறகுதான் அவன் பெயரையும் ஒருவர் உரக்கச் சொன்னார். காற்பந்துத் திடலிலும் அப்படிச் சொல்ல ஒரு குரல் வேண்டும். முதல் குரல் வீட்டிலிருந்தே எழட்டும்.