உபரிக் கதையிலிருந்து கட்டாயப் பாடத்துக்கு: ஓடிடி கிளைத்தொடர்களும் ரசிகர் ஏமாற்றமும்

2022 ஜனவரி 26 அன்று டிஸ்னி பிளஸ் தளத்தில் வெளியான 'தி புக் ஆஃப் போபா ஃபெட்' தொடரின் ஐந்தாம் அத்தியாயத்தில் போபா ஃபெட் ஒரு காட்சியில்கூட வரவில்லை. தலைப்பில் பெயர் இருக்கிறது, திரையில் ஆள் இல்லை. எபிசோட் முழுவதையும் வேறொரு தொடரின் நாயகனான மாண்டலோரியன் எடுத்துக்கொள்கிறான். தன் கூட்டத்தாரால் விலக்கிவைக்கப்படுகிறான், பழைய போர்விமானம் ஒன்றைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்து ஓட்டிப் பார்க்கிறான். ஆறாம் அத்தியாயத்தில் போபா தலைகாட்டுகிறான், வாய் திறப்பதில்லை. ஏழே அத்தியாயங்கள் கொண்ட தொடரில் நடந்த கதை இது. ஐந்தாம் அத்தியாயத்தையே தொடரின் ஆகச் சிறந்த எபிசோட் என்று பலர் கொண்டாடினார்கள், அந்தப் பாராட்டே தொடரின் மீதான தீர்ப்பாகவும் அமைந்துவிட்டது. ஆனால் உண்மையான சிக்கல் அடுத்த ஆண்டுதான் வெளிப்பட்டது. 'தி மாண்டலோரியன்' இரண்டாம் சீசன் 2020 டிசம்பரில் முடிந்தபோது, குழந்தை குரோகுவை லூக் ஸ்கைவாக்கரிடம் ஒப்படைத்துவிட்டு நாயகன் முகக்கவசத்தைக் கழற்றிக் கண்கலங்கி விடைபெற்றான். 2023 மார்ச்சில் மூன்றாம் சீசன் தொடங்கும்போது குரோகு வழக்கம்போல அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்பது போபா ஃபெட்டின் தொடருக்குள் இருக்கிறது. அதைப் பார்க்காதவர்களுக்கு அந்தப் பிரிவின் கனம் காரணமே தெரியாமல் கரைந்துபோனது.

பெரிய கதை உலகங்களின் ஓடிடி கிளைத்தொடர்கள்மீது ரசிகர்களுக்கு வந்திருக்கும் சலிப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் பலவீனமான எழுத்து, அவசரமாகச் செய்த கிராஃபிக்ஸ், அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. இருந்தாலும் வரலாற்று வரிசையில் வைத்துப் பார்க்கும்போது இவை இரண்டாம்பட்சமாகவே தெரிகின்றன. கிளைத்தொடர் என்ற வடிவம் ஏறத்தாழ 80 ஆண்டுகளாகப் பார்வையாளரிடம் ஓர் உரிமையை விட்டுவைத்திருந்தது. வேண்டாமென்றால் பார்க்காமல் இருந்துவிடலாம், மூலக்கதைக்கு ஒன்றும் ஆகாது. 2019க்குப் பிறகு பறிபோனது அந்த உரிமைதான். ஏமாற்றத்தின் வேரை அங்கே தேட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிளைத்தொடரின் பிறப்பிடம் அமெரிக்க வானொலி. 'ஃபிப்பர் மெகீ அண்ட் மாலி' நிகழ்ச்சியில் நாயகனோடு ஓயாமல் மல்லுக்கட்டிய கில்டர்ஸ்லீவ் என்ற பாத்திரம் 1941இல் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து 'தி கிரேட் கில்டர்ஸ்லீவ்' என்ற தனி நிகழ்ச்சியானது. தொலைக்காட்சிக் காலத்தில் நார்மன் லியர் இந்த முறையை ஒரு தொழிலாகவே வளர்த்தார். 'ஆல் இன் தி ஃபேமிலி'யில் உறவுக்காரியாக வந்துபோன மாட் 1972இல் தனித்தொடர் பெற்றாள். பக்கத்து வீட்டுக் குடும்பம் 1975இல் 'தி ஜெஃபர்சன்ஸ்' ஆகி 11 சீசன்கள் ஓடியது. பாஸ்டன் மதுக்கூடம் ஒன்றின் ஓரத்து நாற்காலியில் இருந்த மனநல மருத்துவர் ஃப்ரேசியர், 'சியர்ஸ்' முடிந்த 1993ஆம் ஆண்டிலேயே சியாட்டிலுக்குப் போய், சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதைத் தொடர்ந்து ஐந்து முறை வாங்கினார். இவற்றில் எல்லாம் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பாத்திரம் ஊர் மாறுகிறது அல்லது வீடு மாறுகிறது, பழைய கதையின் கணக்குகளைப் புதுக் கதை சுமப்பதில்லை. 'சியர்ஸ்' ஒரு எபிசோடும் பார்க்காதவர் 'ஃப்ரேசியர்' முழுவதையும் ரசிக்கலாம். இது எழுத்தாளர்களின் பெருந்தன்மையால் வந்ததன்று. வாராவாரம் எத்தனை வீடுகளில் தொடர் ஓடியது என்ற எண்ணிக்கையை வைத்து விளம்பரம் விற்ற காலம் அது. ஒவ்வொரு தொடரும் தன் சம்பளத்தைத் தானே சம்பாதிக்க வேண்டியிருந்தது. மறு ஒளிபரப்பில் எபிசோட்கள் முன்பின்னாக வந்தாலும் புரிய வேண்டியிருந்தது. தோல்விகளும் அதே விதிக்கு உட்பட்டவை. 'ஃப்ரெண்ட்ஸ்' கிளையான 'ஜோயி' 2004இல் தொடங்கி இரண்டு சீசனில் படுத்தது, 'ஃப்ரெண்ட்ஸ்' மீது ஒரு கீறலும் விழவில்லை. 1978 நவம்பர் 17 அன்று சிபிஎஸ் ஒரே ஒரு முறை ஒளிபரப்பிய 'ஸ்டார் வார்ஸ்' விடுமுறை நிகழ்ச்சியை விட மோசமான கிளையை யாரும் இன்றுவரை தயாரித்துவிடவில்லை என்றே சொல்லலாம். அதைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள், பிறகு மறந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து வந்த அடுத்த படத்தைப் பார்க்க அது தேவைப்படவில்லை.

திருப்பம் இரண்டு நிறுவனங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தது. லூகாஸ்ஃபிலிமை 2012இல் 405 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்ட டிஸ்னியின் கீழ், 2014 ஏப்ரலில் பழைய நாவல்களும் காமிக்ஸும் 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கப்பட்டன. இனி படமோ தொடரோ நாவலோ, எல்லாம் ஒரே அதிகாரபூர்வ வரலாறு என்ற ஏற்பாடு வந்தது. டிமதி ஜானின் 1991 நாவலைப் படித்தவரும் மூன்று படங்களை மட்டும் பார்த்தவரும் சமமான ரசிகர்களாக இருந்த காலம் அதோடு கொள்கையளவில் முடிந்தது. மார்வெலில் நிலைமை விசித்திரமானது. 2012இன் 'அவெஞ்சர்ஸ்' படத்தில் செத்துப்போன கோல்சன், 2013இல் ஏபிசி தொலைக்காட்சியின் 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு' தொடரில் உயிரோடு வந்தார். 2014இல் 'வின்டர் சோல்ஜர்' படம் ஷீல்டு அமைப்பையே உடைத்தெறிந்ததும், தொடர் நடுவழியில் தன் கதையை மாற்றிக்கொண்டது. ஆனால் கோல்சன் பிழைத்திருக்கிறார் என்ற சேதி படங்களில் இருந்த நாயகர்களை எட்டவேயில்லை. அன்றைய ரசிகர்களின் குறை இன்றைய குறைக்கு நேர்மாறானது. தொடர்களைப் படங்கள் மதிப்பதில்லை, உறவு ஒருதலையாக இருக்கிறது என்று அவர்கள் வருந்தினார்கள். நெட்ஃபிளிக்ஸின் 'டேர்டெவில்' தொடருக்கும் 2015 முதல் அதே நிலைதான்.

ஆகவே ஒரு வலுவான மறுப்பு இங்கே எழுகிறது. இணைப்பைக் கேட்டவர்களே ரசிகர்கள்தானே, கேட்டதைக் கொடுத்த பிறகு புலம்புவது என்ன நியாயம்? இணைப்பும் சார்பும் வேறு என்பதில் இதற்கு விடை இருக்கிறது. தொடரில் நடந்தது படத்தில் நினைவுகூரப்பட வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. தொடரைப் பார்க்காமல் படம் புரியக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. இந்த வேறுபாடு ஏன் மறைந்துபோனது என்பதற்குக் கதையைவிட வணிகமே தெளிவான சான்று. டிஸ்னி பிளஸ் 2019 நவம்பர் 12 அன்று மாதம் 6.99 டாலர் சந்தாவில் தொடங்கியது. ஒரு நாளில் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். சந்தாதாரரைச் சேர்ப்பது எளிது, அடுத்த மாதமும் தக்கவைப்பதே பாடு. 2020 டிசம்பர் 10 அன்று முதலீட்டாளர் கூட்டத்தில் நிறுவனம் அடுத்த சில ஆண்டுகளுக்கான திட்டத்தை அறிவித்தது: ஏறத்தாழ 10 'ஸ்டார் வார்ஸ்' தொடர்கள், 10 மார்வெல் தொடர்கள். 2024க்குள் 23 கோடி முதல் 26 கோடி வரை சந்தாதாரர் என்பது இலக்கு. விளம்பரக் காலத்தில் ஒரு தொடர் தனக்கென ஒரு கூட்டத்தைத் திரட்ட வேண்டியிருந்தது. சந்தாக் காலத்தில், ஏற்கெனவே இருக்கும் கூட்டம் ரத்துப் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொண்டாலே போதும். அதற்குச் சுலபமான வழி, எந்தக் கிளையையும் தவிர்க்க முடியாததாக்குவது. இப்படி யாராவது உட்கார்ந்து தீட்டிய சதி இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஊக்கங்கள் எல்லாம் ஒரே திசையில் இழுக்கும்போது சதிக்குத் தேவையே இருப்பதில்லை.

விளைவுகள் மூன்றாண்டுக்குள் தெரிந்தன. 2021இன் 'வாண்டாவிஷன்' ஒன்பது எபிசோட்களில் வாண்டாவின் துக்கத்தைத் தொடங்கி, வளர்த்து, ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. 2022 மேயில் வந்த 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' இரண்டாம் படம் அந்தத் தொடரின் கற்பனைக் குழந்தைகளையே கதைக்கு அச்சாணியாக்கியது. தொடரைப் பார்க்காதவர்களுக்கு அவள் ஏன் கொலைவெறியில் அலைகிறாள் என்பது புரியவில்லை. பார்த்தவர்களுக்கு ஒருமுறை ஆறிய துக்கம் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதுபோல் இருந்தது. இருதரப்பையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது அரிய சாதனைதான். 2023 நவம்பரில் 'தி மார்வெல்ஸ்' இன்னும் ஒரு படி போனது. அதன் மூன்று நாயகியரில் ஒருத்தி 'மிஸ் மார்வெல்' தொடரிலிருந்தும் இன்னொருத்தி 'வாண்டாவிஷன்' தொடரிலிருந்தும் வந்தவர்கள். அதே ஆண்டு கோடையில் நிக் ஃபியூரியை மையமாக வைத்து வந்த 'சீக்ரெட் இன்வேஷன்', வேற்றுக்கிரகத்தவர் அனைவரையும் அமெரிக்க அதிபர் எதிரிகள் என்று அறிவிப்பதோடு முடிந்திருந்தது. சில மாதம் கழித்து வந்த படத்தில் அதே ஃபியூரி அப்படி ஒன்று நடந்த சுவடே இல்லாமல் நகைச்சுவை பேசிக்கொண்டிருந்தார். ஒரு தொடரைக் கட்டாயமாகப் படித்துவிட்டு வரச் சொல்கிறார்கள், இன்னொன்றைப் படித்து வந்தவர்களிடம் அது பாடத்திட்டத்திலேயே இல்லை என்கிறார்கள். உலகளவில் சுமார் 20.6 கோடி டாலர் வசூலோடு அப்படம் மார்வெல் திரை வரிசையின் அடித்தட்டில் நின்றது. 2025இல் மார்வெல் தலைவர் கெவின் ஃபெய்கி செய்தியாளர்களிடம் சொன்ன கணக்கு இந்த வாதத்துக்கு அனுகூலமானது. 2007 முதல் 2019 வரை அவர்கள் உருவாக்கியது சுமார் 50 மணி நேரக் கதை. அதற்கடுத்த ஆறாண்டுகளில் 100 மணி நேரத்துக்கும் மேல். அது மிகை என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

சார்பின் மறுபக்கம், முடிவு என்பதே தள்ளிப்போவது. அடுத்த கிளைக்கு வாசல் திறந்தே இருக்க வேண்டுமானால் எந்தக் கதையும் முழுதாக மூடப்படக் கூடாது. எச்பிஓவின் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' இரண்டாம் சீசன் பத்துக்குப் பதில் எட்டு எபிசோட்களாகச் சுருங்கி, படைகள் போருக்குக் கிளம்பும் காட்சியோடு 2024 ஆகஸ்டில் நின்றுபோனது. சீசன் முழுக்கக் காத்திருந்த போர் அடுத்த சீசனுக்குப் போய்விட்டது. அதே ஆண்டின் 'தி அகோலைட்' கடைசிக் காட்சியில் யோடாவின் பின்தலையைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு முடிந்தது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் தொடர் ரத்தானது.

'தி அகோலைட்' பெயரை எடுத்தவுடன் இன்னொரு மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். இந்த ஏமாற்றம் என்பதே வெறுப்புக்குப் போட்ட முகமூடி, கறுப்பினத்தவரும் பெண்களும் நாயகர்களாவதைப் பொறுக்காதவர்களின் கூச்சல் என்பது அது. 'ஓபி-வான் கெனோபி' வெளியான 2022இல் மோசஸ் இங்ரமுக்கு வந்த இனவெறிச் செய்திகளை அவரே வெளியிட்டார், உடன் நடித்த யுவன் மெக்ரிகர் பகிரங்கமாகக் கண்டித்தார். இது நடந்தது, அருவருப்பானது, இதைச் சிறிதாக்கிக் காட்டும் எந்த ஆய்வும் நேர்மையானதாகாது. ஆனால் ஒரு நிகழ்வுக்குச் சரியான விளக்கம் மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கமாகிவிடாது. போபா ஃபெட்டின் தொடர் ரசிகர்களின் பழைய செல்லப்பிள்ளையை நாயகனாக்கியது, அதுவும் சலிப்பையே தந்தது. 'ஓபி-வான்' மீதான குறைகளில் பெரும்பங்கு வேறு இடத்தில் இருந்தது. முதலில் திரைப்படமாகத் திட்டமிட்ட கதை அது. 2018இல் 'சோலோ' படம் வசூலில் சறுக்கியதும் கைவிடப்பட்டு, பின்னர் ஆறு எபிசோட்களாக நீட்டப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்கு நெய்த துணியை இழுத்து நீட்டிய இடங்களில் நூல் தெரிகிறது. ஓபி-வானும் வேடரும் லேயாவும் பிழைத்திருந்தாக வேண்டும் என்று 1977லேயே எழுதியாகிவிட்டதால், ஆபத்துக் காட்சி எதிலும் ஆபத்து இல்லை.

முடிவு முன்பே தெரிந்திருப்பதுதான் குறை என்றால் 'ஆண்டோர்' எப்படி வென்றது? கேசியன் ஆண்டோர் சாகப்போவது 2016இன் 'ரோக் ஒன்' பார்த்த அனைவருக்கும் தெரியும். என் வாதத்தை உரசிப் பார்க்க இதைவிட நல்ல கல் இல்லை. ஐந்து சீசன்களாகத் திட்டமிட்டதைத் தொடரை உருவாக்கிய டோனி கில்ராய் இரண்டாகக் குறைத்து, இரண்டாம் சீசனின் 12 எபிசோட்களை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஓராண்டு தாவினார். அதாவது எங்கே நிறுத்துவது என்பதை முதலிலேயே தீர்மானித்தார். ஒரு பேரரசின் உளவுத்துறை அலுவலகத்தில் பதவி உயர்வுக்காக நடக்கும் கோப்புச் சண்டையும், சிறையில் இயந்திர உறுப்புகளைப் பூட்டும் கைதிகளின் வேலைமுறையும் எந்தப் பழைய படத்தையும் அறியாதவருக்கும் விளங்கும். தெரிந்த முடிவை அவர் ஆபத்தின் இடத்தில் வைக்கவில்லை, என்ன விலை கொடுத்து அங்கே போய்ச் சேருகிறான் என்பதில் கவனத்தைக் குவித்தார். வானொலிக் காலத்துக் கில்டர்ஸ்லீவ் போல இந்தக் கிளையும் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது என்பேன். ஒரு கணக்கை மறைக்கக் கூடாது: 2022இல் முதல் சீசன் தொடங்கியபோது இதற்குக் கூட்டம் குறைவாகவே இருந்தது, வாய்ச்சொல்லால்தான் பெருகியது. சுயேச்சையாக நிற்பது பார்வையாளரை உடனே கொண்டுவந்து கொட்டாது. முந்தைய தொடரை அடுத்த தொடருக்கு நுழைவுச்சீட்டாக்கும் முறை லாபமாகத் தோன்றியதற்கு அதுவும் காரணம்.

அந்த முறையின் செலவு இப்போது கணக்கில் ஏறியிருக்கிறது. 2022 செப்டம்பர் காலாண்டில் டிஸ்னியின் ஓடிடி பிரிவு சுமார் 147 கோடி டாலர் நட்டம் காட்டியது, நவம்பரில் பாப் ஐகர் தலைமைக்குத் திரும்பினார். மார்வெல் தொடர்களின் பெருக்கம் கவனத்தைச் சிதறடித்தது என்று 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். 2024இல் ஆண்டுக்கு இரண்டு தொடர்களே என்ற அளவுக்கு இறங்கினார். 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' படப்பிடிப்பின் நடுவே நிறுத்தப்பட்டுப் புது ஆட்களோடு திருத்தி எழுதப்பட்டது, பழைய நெட்ஃபிளிக்ஸ் நண்பர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அதை ரசிகர்கள் வரவேற்றது என் வாதத்துக்கு முரணில்லை. டேர்டெவிலின் தொடருக்கு டேர்டெவிலின் முன்கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது எவருக்கும் சுமையாகத் தெரியாது. மறுபுறம், மாண்டலோரியனும் குரோகுவும் 2026 மே 22க்கான திரைப்படமாக அறிவிக்கப்பட்டார்கள். 'சோலோ' சறுக்கியதால் படங்கள் தொடர்களான பாதையில், ஒரு தொடர் எதிர்த்திசையில் திரையரங்குக்குப் போகிறது. அங்கே நுழைவுச்சீட்டு வாங்குகிறவர் மூன்று சீசன்களையும் இன்னொருவர் பெயரில் வந்த தொடரின் மூன்று எபிசோட்களையும் பார்த்திருப்பார் என்று திரைக்கதை எவ்வளவு எதிர்பார்க்கும் என்பதை வைத்தே லூகாஸ்ஃபிலிம் எதைக் கற்றுக்கொண்டது என்று அளவிட முடியும்.