காலையில் நின்று நின்று போகும் ஹோண்டா சி70

டெங்கில் பக்கம் தோட்ட வேலைக்கும் கோயிலுக்கும் ஓடிய பழைய ஹோண்டா சி70 இன்னும் சில வீடுகளில் நிற்கிறது. காலையில் உதைத்ததும் பிடிக்கிறது, கையை விட்டால் அணைகிறது என்பதுதான் வழக்கமான புகார். உடனே ஐட்லிங் திருகாணியை முறுக்கி வேகத்தைக் கூட்டுவது ஆபத்து. சி70-இல் கிளட்ச் தானாகப் பிடிப்பது. ஐட்லிங் ஏறினால் கியர் போட்டதும் வண்டி முன்னால் பாயும். சிக்னலில் நிற்கும் பெரியவருக்கு அது விளையாட்டல்ல.

நம் ஊர் வெப்பத்தில் சோக் ஓரிரு நிமிடம் போதும். அதை எடுத்ததும் இன்ஜின் நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பல நாள் ஓடாத வண்டியில் பெட்ரோல் பிசினாகி, ஐட்லிங் ஜெட்டின் மயிரிழைத் துளையை அடைத்திருக்கும். கார்ப்புரேட்டர் ஸ்பிரே அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி, ஜெட்டே வீண். இந்த வேலையைத் திறந்த வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். சிகரெட், சாமி விளக்கு அருகில் வேண்டாம்.

ஜெட் சுத்தமாக இருந்தும் நின்றால், கார்ப்புரேட்டர் இணைப்பில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து காற்று கசியலாம். மாறாக, கறுப்புப் புகை வந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

கார்ப்புரேட்டரை மாற்றச் சொல்லும் முன் வால்வு இடைவெளியையும் அளக்கச் சொல்லுங்கள்: ஆறிய இன்ஜினில் 0.05 மில்லிமீட்டர். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7. எல்லாம் சரியான பிறகே, இன்ஜின் சூடானதும் ஐட்லிங்கை நிமிடத்திற்குச் சுமார் 1,500 சுற்றில் வையுங்கள்.