கோப்புகளோடு குடிபெயர்ந்த மியூனிக்

2003 மார்ச்சில், மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு விரைந்தார். மேயர் கிறிஸ்டியான் ஊடேயைச் சந்தித்துப் பேசிப் பார்த்தார். பலிக்கவில்லை. மே 28 அன்று, ஏறத்தாழ 14,000 கணினிகளை விண்டோஸ் என்டியிலிருந்து லினக்ஸுக்கு மாற்ற நகர மன்றம் முடிவெடுத்தது. திட்டத்துக்கு 'லிமக்ஸ்' என்று பெயர்.

லினக்ஸை நிறுவுவது பெரிய வேலையே அல்ல. மாநகராட்சி மூச்சுவிடுவது கடிதத்தில்தான். அந்தக் கடிதங்களெல்லாம் வேர்ட் டெம்ப்ளேட்டுகளில் இருந்தன. ஒவ்வொரு துறையும் பல வருடங்களாகத் தனக்கென்று செய்துவைத்துக்கொண்டவை. மொத்தம் 20,000-க்கும் மேல். அவற்றுக்குள் இருந்த மேக்ரோக்கள் மைக்ரோசாஃப்டின் விஷுவல் பேசிக்கில் எழுதப்பட்டவை, வேர்டுக்குப் பதிலாக வந்த ஓபன் ஆஃபீஸில் அப்படியே ஓடாது. எனவே ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, வேண்டாததைக் கழித்து, ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, மிச்சத்தைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அந்த உழைப்பில் பிறந்தது 'வோல்மக்ஸ்' என்ற துணைநிரல். எழுத்தர் புதுக் கடிதம் திறந்தால் அவர் பெயர், அறை எண், தொலைபேசி எண் எல்லாம் கடிதத்தலைப்பில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். 2008-இல் மாநகராட்சி அதைக் கட்டற்ற மென்பொருளாக உலகுக்கே கொடுத்தது. ஒரு நகராட்சி செய்த அருமையான காரியம் இது.

வரிசை முறையும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் இருக்கும்போதே அதன்மேல் ஓபன் ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் ஆகியவற்றைப் போட்டு ஊழியர்களைப் பழக்கினார்கள். 2009 முடிவில் ஓபன் ஆஃபீஸின் ஓடிஎஃப் கோப்பு வடிவம் எல்லா மேசைகளுக்கும் வந்துவிட்டது; லினக்ஸுக்கு மாறிய கணினிகளோ அப்போது சிறு பங்குதான். 2013-இல் திட்டம் நிறைவடைந்தபோது ஏறக்குறைய 15,000 கணினிகள் லினக்ஸில் இருந்தன.

எழுத்துருத் தொல்லை தனி. ஏரியல் எழுத்துருவில் தட்டிய கோப்பை அது இல்லாத கணினியில் திறந்தால் எழுத்தின் அகலம் மாறி, வரி உடைந்து, ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் அகலத்துக்கே வார்த்த லிபரேஷன் எழுத்துருக்களை ரெட் ஹேட் 2007-இல் வெளியிட்ட பிறகு இந்தச் சிக்கல் பெருமளவு தணிந்தது. பாமினியில் தட்டிய பழைய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கண்டவர்களுக்கு இதைவிடக் கடுமையான வலி தெரியும்.

மின்னஞ்சல் வேறு வகை. தண்டர்பேர்ட் ஒவ்வொரு கோப்புறையையும் வெற்று உரையாக, எந்தக் கருவியும் படிக்கும் எம்பாக்ஸ் கோப்பில் வைக்கிறது. அவுட்லுக் அஞ்சல், நாள்காட்டி, முகவரி எல்லாவற்றையும் ஒரே பிஎஸ்டி கோப்பில் பூட்டி வைக்கும். அதன் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டதே 2010-இல்தான். அதுவரை வெளியேற நல்ல வழி ஐமேப்தான்: அஞ்சல்களை ஐமேப் சர்வரில் ஏற்றிவிட்டுப் புது நிரலில் அங்கிருந்தே படிப்பது.

மியூனிக்கில் சறுக்கலும் அஞ்சல் பக்கமே வந்தது. 2014-இல் பொறுப்பேற்ற புதிய தலைமை, கைப்பேசியில் அஞ்சலும் நாள்காட்டியும் சரியாக வருவதில்லை என்று குறைபட்டது. அது சர்வர் சார்ந்த பிரச்சினை; பழி மட்டும் மேசைமேல் இருந்த லினக்ஸின் தலையில் விழுந்தது. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது.

ஜெர்மனியின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் இப்போது அதே பாதையில் இறங்கியிருக்கிறது. 2024-இல் 30,000 கணினிகளுக்கு, ஓபன் ஆஃபீஸிலிருந்து கிளைத்த லிப்ரே ஆஃபீஸை நிர்ணயித்தது. 2025 அக்டோபரில் 40,000-க்கும் மேற்பட்ட அஞ்சல் பெட்டிகளை, 10 கோடிக்கும் அதிகமான அஞ்சல்களோடும் நாள்காட்டிக் குறிப்புகளோடும், ஓபன்-எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வருக்கும் தண்டர்பேர்டுக்கும் மாற்றி முடித்தது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடும் வேலையை அதற்கு அடுத்த கட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.