ஏட்டுக் கல்வியும் களப் பயிற்சியும்: பூநகரி மாணவரை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

பூநகரியின் வயல்களிலே மொட்டைக்கறுப்பன் நெல் விதைத்த உழவன் தன் மகனுக்கு நூல் கொண்டு வேளாண்மை கற்பித்தானல்லன். மழைக்குறி அறிதலும், விதைப்புக்குரிய நாள் தெரிதலும், வரம்பு கட்டுதலும் தந்தையின் பின்னே நடந்து மைந்தன் கற்றவையாகும். அங்ஙனம் கற்றவனுக்குச் சான்றிதழ் வழங்குவார் இலர். விளைந்த நெல்லே சான்றாயிற்று. இன்றோ, அவ்வுழவனின் பேரன் பல்கலைக்கழகம் புகுந்தால், தொழிலகத்திலோ அலுவலகத்திலோ சில திங்கள் பணி பயின்று, அப்பயிற்சிக்குரிய மதிப்பலகைப் பெற்றாலன்றிப் பட்டம் எய்த இயலாத துறைகள் பல உள. தொழில் செய்து கற்றலைக் கல்வியின் பகுதியாகக் கணக்கிடும் இம்முறை எங்ஙனம் வளர்ந்தது, அது பயன் தந்தது எப்பொழுது, பூநகரி போன்ற ஊர்களின் மாணவர்க்கு அதனால் வரும் நன்மையும் இடரும் யாவை என்பன ஈண்டு ஆராயப்படும்.

இம்முறை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுவர். அஃது முழுதும் உண்மையன்று. நம் திண்ணைப் பள்ளிகளிலே மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்தறிவித்தான். கற்பித்தலைக் கற்பித்தே கற்றான். 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அந்திரு பெல் என்பார், அந்நாட்டுப் பள்ளியொன்றிலே சிறுவர் மணலில் எழுதிப் பழகுதலைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்தார். அம்முறையை 1797இல் அவர் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயருடன் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

அவ்வில்லத்துச் சிறுவரே வேறொரு முயற்சிக்கும் வித்தாயினர். 1794இல் மைக்கேல் தொப்பிங் என்பாரின் முயற்சியால் சென்னையில் நில அளவைப் பள்ளியொன்று எட்டு மாணவருடன் தொடங்கப்பெற்றது. அங்கே கற்றோர் சுவர்களுக்குள் அடங்கியிருந்தாரல்லர். அளவைச் சங்கிலியும் கருவிகளும் தாங்கி நாட்டை அளக்கச் சென்றனர். மக்கென்சியின் மைசூர் அளவையிலும், லாம்டனின் முக்கோண அளவையிலும் பணிபுரிந்த உதவியாளர் பலர் அப்பள்ளியிற் பயின்றவரே. இன்று கிண்டியிலே விளங்கும் பொறியியற் கல்லூரியின் தோற்றுவாய் அப்பள்ளியாகும். பொறியியற் கல்வி நம்மவரிடையே களத்திற் பிறந்து பின்னரே வகுப்பறைக்குள் புகுந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இங்கிலாந்திலே பெல்லின் முறை வேறொரு வடிவெய்திற்று. ஒரு மாணவன் அறிந்ததைப் பிறன் ஒப்பிக்கும் நிலையில் கல்வி ஆழம் பெறாமை கண்ட கே-ஷட்டில்வேர்த், 1846இல் மாணவ ஆசிரியர் திட்டத்தைக் கொணர்ந்தார். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஐந்தாண்டு தலைமையாசிரியரின் கீழ்ப் பயிலுதல் வேண்டும். முதலாண்டில் 10 பவுணாகத் தொடங்கி ஐந்தாமாண்டில் 20 பவுணாக உயரும் உதவிப்பணம் அப்பிள்ளைக்கு உண்டு. நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் தலைமையாசிரியர் தனியே பாடஞ் சொல்லுதல் வேண்டும். அதற்கென அவருக்கும் ஊதியம் உண்டு. ஆண்டுதோறும் அரசினரின் பரிசோதகர் தேர்வு நடத்துவார். இத்திட்டத்தின் சிறப்பு யாதெனின், பயில்பவனுக்கும் பயிற்றுபவனுக்கும் ஒருங்கே பொருள் ஒதுக்கப்பட்டமையும், கற்றது உண்மையோ என மூன்றாமவர் ஒருவர் சோதித்தமையுமாம். குறையும் இல்லாமலில்லை. தனிப்பாடம் கைவிடப்பட்ட பள்ளிகளில் மாணவ ஆசிரியன் குறைந்த கூலிக்குக் கிடைத்த வேலையாளாகவே முடிந்தான். பயிற்சி என்னும் பெயரால் உழைப்பு மட்டும் கொள்ளப்படும் இடர் அன்றே தோன்றியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி நம் நாட்டை நோக்குவாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டிலே மானிப்பாயில் மருத்துவப் பணி தொடங்கி மாணவரையும் சேர்த்துக்கொண்டார். நோயாளர் வந்த மருத்துவமனையே மாணவர்க்குப் பள்ளியாயிற்று. பின்னர் 1860களில் அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். 1867இல் வெளிவந்த 'இரணவைத்தியம்' முதலிய தமிழ் நூல்கள் அம்மாணவரின் தேவைக்கென எழுந்தவை. 1873இல் அவர் தாய்நாடு திரும்புமுன் பல மருத்துவரை உருவாக்கினார். கண்முன் கிடந்த நோயாளியும் கையிலிருந்த தாய்மொழி நூலும் ஒன்றையொன்று விளக்கின. களமும் ஏடும் பிரிந்து நில்லாமையே அப்பயிற்சியின் வலிமை.

களப் பயிற்சியைப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு முறையாகப் பிணைத்தது அமெரிக்காவின் சின்சினாட்டிப் பல்கலைக்கழகமாகும். 1906இல் ஹேர்மன் ஷ்னைடர் என்னும் பேராசிரியர் 27 மாணவருடன் அதனைத் தொடங்கினார். இருவர் ஒரு வேலையைப் பகிர்ந்துகொண்டு, ஒரு வாரம் ஒருவர் தொழிற்சாலையிலும் மற்றவர் வகுப்பிலும் இருப்பர். மறுவாரம் இடம் மாறுவர். தொழிற்சாலை அவர்களுக்குக் கூலி கொடுத்தது. வறிய மாணவனும் பட்டம் பயில இக்கூலி உதவிற்று.

சுதந்திர இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம் தொழில் பயில்வோர்க்கென ஒரு சபையை நிறுவிற்று. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அதுவே 'நைற்றா' எனச் சுருக்கமாக வழங்கும் அதிகாரசபையாயிற்று. இடையே, 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழி எழுந்த கல்வியியற் கல்லூரிகள் மூன்றாண்டுப் பயிற்சியில் இறுதியாண்டைப் பாடசாலையிலேயே கழிக்கும் கட்டுறுபயில்வாக வகுத்தன. 2012இல் வெளிவந்த இலங்கைத் தகைமைச் சட்டகம் மதிப்பலகுக்கும் அளவு கூறிற்று. பாடநெறிக்கு ஒரு மதிப்பலகு 50 மணி நேரக் கற்றலாகும். தொழிற் பயிற்சிக்கோ குறைந்தது 100 மணி நேரம் வேண்டும். ஆகவே ஆறு மதிப்பலகு பெற விழையும் மாணவன், வாரத்துக்கு 40 மணியாக ஏறத்தாழப் பதினைந்து வாரம் பயிற்சியிடத்தில் இருத்தல் வேண்டும்.

இப்பதினைந்து வாரமே பூநகரி மாணவனுக்குச் சோதனையாகும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின், முன்பு பாதையேறிக் கடந்த கடனீரேரியை இன்று பேருந்து கடக்கின்றது. யாழ்ப்பாணம் அண்மையதாயிற்று, ஆயின் பெருந் தொழிலகங்கள் மிகுந்த கொழும்பு அண்மையதாகவில்லை. அங்கே அறை வாடகையும் உணவும் போக்குவரத்தும் பெற்றோர் தலையில் விழ, பயிற்சியோ ஊதியமற்றதாய் இருப்பின், மதிப்பலகுக்கு மாணவனின் குடும்பமே விலை கொடுக்கின்றது. 1846இலும் 1906இலும் பயில்வோனுக்குப் பணம் கொடுத்தே திட்டம் வகுத்தனர் என்பதை இங்கே ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

இதற்கு ஒரு மாற்று, களத்தை அருகிலே தேடுதலாம். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் அவர்கள் பூநகரியிற் செய்த கள ஆய்வின் பயனாக 1993இல் வெளிவந்த 'பூநகரி: தொல்பொருளாய்வு' என்னும் நூல், பெருங்கற்காலப் பண்பாட்டுச் சின்னங்களையும் பிராமி எழுத்துப் பொறித்த மட்கல ஓடுகளையும் இம்மண்ணிலிருந்து உலகறியச் செய்தது. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டையும் இங்கேயே உளது. வரலாறு பயில்வோனுக்கு இதனினும் சிறந்த களம் யாது? உவர் நீர் ஏறும் கிணறுகள் பொறியியல் மாணவனுக்கும், மொட்டைக்கறுப்பன் வயல்கள் விவசாய மாணவனுக்கும், கூட்டுறவுச் சங்கக் கணக்குகள் வணிக மாணவனுக்கும் காத்திருக்கின்றன. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிப் போரினால் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் மீண்டும் அம்மாவட்டத்துக்கு வந்து, பொறியியற் பீடத்தோடு அறிவியல் நகரில் அமைந்துள்ளமையும் இதற்குத் துணையாகும்.

எனினும், ஊரிலே கிடைத்த வேலையெல்லாம் பயிற்சி ஆகாது. இடம் தேடும் மாணவர் மூன்றினை முன்னரே உறுதி செய்தல் நன்று. ஒன்று, அத்துறை அறிந்த ஒருவர் தம்மை மேற்பார்வை செய்வாரா என்பது. இரண்டு, அவ்விடத்தைப் பல்கலைக்கழகம் எழுத்தில் ஏற்றுக்கொண்டதா என்பது; பணி தொடங்கியபின் அனுமதி கேட்டு மணிநேரங்களை இழத்தல் கூடாது. மூன்று, உதவிப்பணம் உண்டா என்பது. அதனைக் கேட்டறிதல் இழிவன்று. பயிற்சி தொடங்கியபின் அன்றன்று செய்ததையும், ஏன் செய்தோம் என்பதையும் அன்றே குறிப்பேட்டில் எழுதி, வாரந்தோறும் மேற்பார்வையாளரின் கையொப்பம் பெறுதல் வேண்டும். இறுதி வாரத்தில் நினைவிலிருந்து எழுதிய குறிப்பேடு வாய்மொழித் தேர்வில் முதற் கேள்விக்கே நில்லாது.

ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. ஒரு திணைக்களத்திலோ நிறுவனத்திலோ பதவி வகிக்கும் பழைய மாணவர் ஒருவர், தம் ஊர்ப் பிள்ளைக்கு ஓர் இருக்கையும் வாரத்தில் ஒரு மணி நேர விளக்கமும் சிறு உதவிப்பணமும் அளிப்பாராயின், அது நன்கொடைகள் பலவற்றினும் பெரிது. சட்டாம்பிள்ளை முதற் சின்சினாட்டி வரை நாம் கண்டது இதுவே: கற்பிக்கும் ஒருவர் அருகிருந்தாலே வேலை கல்வியாகும், அவரில்லாவிடின் அது வெறும் வேலையே. உழவன் மகனுக்கு வயலிலே தந்தை இருந்தான். அவன் பேரனுக்கும் அத்தகைய ஒருவரைத் தேடிக் கொடுத்தல் நம் கடன்.