நேதாஜியைச் சுமந்து சென்ற ஜெர்மன் நீர்மூழ்கி: யு-180 கப்பலின் வடிவமைப்பும் போர்க்காலப் பணியும்

கொச்சி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நூற்றுக்கணக்கான நீர்மூழ்கிக் கப்பல்களைக் கடலில் இறக்கியது. அவற்றுள் இந்திய வரலாற்றில் தனியிடம் பெற்றது யு-180. நேதாஜி சுபாஷ் சந்திர போஸை ஐரோப்பாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை கொண்டு வந்த கப்பல் இதுவே. போர்க் கணக்கில் அது மூழ்கடித்தவை இரண்டே கப்பல்கள்.

பிரெமன் நகரின் ஏ.ஜி. வேசர் கட்டுந்தளத்தில் 1941 பிப்ரவரியில் இதன் கட்டுமானம் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டு, 1942 மே 16 அன்று வெர்னர் முசென்பெர்க் தலைமையில் பணியில் சேர்ந்தது. ‘ஒன்பது-டி1’ எனப்படும் இவ்வகையில் யு-180, யு-195 ஆகிய இரண்டு மட்டுமே கட்டப்பட்டன. நீளம் 87.58 மீட்டர். ஜெர்மனி மிகுதியாகப் பயன்படுத்திய ‘ஏழு-சி’ வகை 67 மீட்டர்தான். நீர்மட்டத்தில் செல்லும்போது இதன் இடப்பெயர்ச்சி 1,610 டன். முன்புறம் நான்கு, பின்புறம் இரண்டு என ஆறு டார்பிடோ குழாய்கள்.

இதன் சிறப்பும் குறையும் இயந்திரங்களில் இருந்தன. விரைவுத் தாக்குதல் படகுகளுக்காக மெர்சிடிஸ் பென்ஸ் உருவாக்கிய டீசல் இயந்திரங்கள் ஆறு இதில் பொருத்தப்பட்டன. நீர்மட்டத்தில் 20 நாட்டுக்கு மேற்பட்ட வேகம் கிடைத்தது. அக்கால நீர்மூழ்கிகளில் இது அரிது. ஆனால் இயந்திரங்கள் அளவுக்கு மீறிச் சூடேறின. அடர்த்தியான புகையைக் கக்கின. மறைந்திருப்பதே உயிர்நாடியான ஒரு கலத்திற்குப் புகை எத்தகைய பகை என்பதை விளக்க வேண்டியதில்லை. நீரடியில் மின் இயக்கிகளால் 7 நாட் வேகத்தைத் தொடவே திணறியது. வேகத்திற்குக் கொடுத்த விலை தொலைவிலும் தெரிந்தது: 10 நாட் வேகத்தில் இது 12,750 கடல் மைல் மட்டுமே செல்லும். இதே உடலமைப்பில் வழக்கமான இயந்திரங்கள் கொண்ட ‘ஒன்பது-டி2’ வகை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான தொலைவு செல்லக்கூடியது.

1943 பிப்ரவரி 9 அன்று போஸும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் இக்கப்பலில் ஏறினர். பிரிட்டனின் வடபுறமாகச் சுற்றி அட்லாண்டிக்கில் இறங்கி, நன்னம்பிக்கை முனையைக் கடக்கும் வழி அது. ஏறத்தாழ 11 வாரங்கள் டீசல் நெடி நிறைந்த குறுகிய அறையில் போஸ் தங்கியிருந்தார். எழுதவும் தம் உரைகளைச் சொல்லி ஆபித் ஹசனை எழுதவைக்கவும் அந்நாட்களைப் பயன்படுத்தினார். ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்கக் கடற்பகுதியில் ‘கோர்பிஸ்’ என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 மூழ்கடித்தது. போஸ் கப்பலுக்குள் இருக்கும்போதே நடந்த தாக்குதல் இது. அக்கப்பலின் மாலுமிகளில் பெரும்பாலோர் உயிரிழந்தனர்.

ஏப்ரல் 26 அன்று மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, பினாங்கிலிருந்து வந்த ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 எதிர்ப்பட்டது. கடல் கொந்தளித்ததால் இரு கப்பல்களும் அருகருகே காத்திருக்க நேர்ந்தது. 28 அன்று போஸும் ஆபித் ஹசனும் ரப்பர் மிதவையில் அலைகளுக்கிடையே ஜப்பானியக் கப்பலுக்கு மாறினர். போர்க்காலத்தில் இரு நாட்டு நீர்மூழ்கிகளுக்கிடையே குடிமக்கள் மாற்றப்பட்ட மிக அரிய நிகழ்வு இது. பதிலுக்கு இரு ஜப்பானியப் பொறியாளர்களும் சுமார் 2 டன் தங்கமும் ஜெர்மன் கப்பலுக்கு வந்தன.

மே 6 அன்று ஐ-29 சுமத்ராவை ஒட்டிய சபாங் தீவை அடைந்தது. ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் போஸ் தலைமையேற்றபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பெருந்திரளான தமிழர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர்.

இதே கடல் கேரளத்தையும் தொட்டது. போஸ் வருவதற்கு முன்பே, 1942 செப்டம்பரில், பினாங்கிலிருந்து புறப்பட்ட ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று வக்கம் அப்துல் காதர் உள்ளிட்டோரை மலபாரின் தானூர்க் கரையோரம் இறக்கிவிட்டது. உடனே பிடிபட்ட காதர், 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்போது கொச்சித் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படையின் பொறுப்பில் இருந்தது. தேவராவிலிருந்து பாலம் கடந்தால் வரும் வெலிங்டன் தீவு, 1945 மே 19 அன்றுதான் குடிமை நிர்வாகத்திடம் திரும்பியது. அச்சம் வீணானதன்று: 1944 மார்ச்சில் மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் வலைத்தடுப்புக்குள் நின்ற ‘பிரிட்டிஷ் லாயல்டி’ எண்ணெய்க் கப்பலை யு-183 டார்பிடோவால் தாக்கியது.

யு-180 திரும்பும் வழியில் அட்லாண்டிக்கில் ‘போரிஸ்’ என்ற கிரேக்கச் சரக்குக் கப்பலை மூழ்கடித்து, 1943 ஜூலை 3 அன்று பிரான்ஸின் போர்தோ துறைமுகத்தை அடைந்தது. அங்கே புகை கக்கும் இயந்திரங்களும் டார்பிடோ குழாய்களும் அகற்றப்பட்டன. வழக்கமான டீசல் இயந்திரங்களுடன் சுமார் 250 டன் சரக்கு ஏற்றும் கப்பலாக அது மாறியது. 1944 ஆகஸ்ட் 20 அன்று ரோல்ஃப் ரீசன் தலைமையில் தூரகிழக்கை நோக்கிப் புறப்பட்டது. பிஸ்கே விரிகுடாவிலேயே காணாமற்போனது. கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. காற்றுக்குழாய் பழுது காரணமாகவும் இருக்கலாம் என்பாருண்டு. கப்பலில் இருந்த 56 பேரும் மாண்டனர்.

ஐ-29 அதற்கு ஒரு மாதம் முன்னரே, 1944 ஜூலை 26 அன்று, பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி ‘சாஃபிஷ்’ தாக்குதலில் மூழ்கியிருந்தது. யு-180 உடன் புறப்பட்ட இணைக்கப்பல் யு-195 மட்டும் படேவியா போய்ச் சேர்ந்தது. ஜெர்மனி சரணடைந்தபின் ஜப்பான் அதைக் கைப்பற்றி ‘ஐ-506’ எனப் பெயரிட்டது.