கார்வேட்டிநகரம்: எல்லைக் கோட்டுக்கு வடக்கே நின்றுவிட்ட ஒரு தலைநகர்

பள்ளிப்பட்டிலிருந்து வடக்கே செல்பவர் சிறிது தொலைவிலேயே மாநில எல்லையைக் கடந்துவிடுகிறார். பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து மறைந்து தெலுங்கு எழுத்து தொடங்குகிறது. வீடுகளில் பேசப்படும் மொழி அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. எல்லைக்கு அப்பால் அவர் சென்று சேரும் சிற்றூர் கார்வேட்டிநகரம். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் ஒரு மண்டலத் தலைமையிடம் என்பதே அதன் இன்றைய தகுதி. அங்குள்ள வேணுகோபால சுவாமி கோயிலும், ஸ்கந்த புஷ்கரிணி என்னும் பெரிய படித்துறைக் குளமும் ஊரின் இன்றைய அளவை மீறி நிற்கின்றன. ஒரு சிற்றூருக்கு இத்தகைய குளம் எதற்கு என்ற கேள்வியே அதன் வரலாற்றுக்குள் நுழையும் வாயில்.

காடு வெட்டித் திருத்தி அமைத்த ஊர் என்பதால் 'காடுவெட்டி நகரம்' என்ற பெயர் ஏற்பட்டு, அதுவே கார்வேட்டிநகரம் எனத் திரிந்தது என்று விளக்கம் கூறுவதுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் இப்பகுதியைப் பொம்மராஜ பாளையம் என்று குறிக்கின்றன. இதன் ஆட்சியாளர்கள் தம்மைச் சாளுவ மரபினர் என்று கூறிக்கொண்டனர். ஆற்காட்டு நவாபின் காலத்தில் பாளையமாக இருந்த இந்நிலப்பகுதி, 1802-இல் கம்பெனி அரசு வழங்கிய நிலையான சன்னதின் வழியே ஜமீனாயிற்று. வேங்கடகிரி, காளஹஸ்தி, சைதாபுரம் ஆகியவற்றுடன் 'மேற்குப் பாளையங்கள்' என்ற தொகுதியில் இதுவும் ஒன்று. பாளையக்காரர் அதுவரை அளித்துவந்த படை உதவிக்குப் பதிலாக ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகை நிலையாக வரையறுக்கப்பட்டது. படைத்தலைவராக இருந்தவர் வரி வசூலித்துக் கட்டும் நிலக்கிழார் ஆனார்.

அந்த ஜமீனின் பரப்பை மனத்தில் கொள்ளாமல் இவ்வூரைப் புரிந்துகொள்ள இயலாது. அன்றைய வடாற்காடு மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியில், இன்றைய புத்தூர், நகரி வட்டாரங்கள் தொடங்கித் திருத்தணி வரை அது விரிந்திருந்தது. சென்னைக்கு வரும் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாக விளங்கிய 'நகரி மூக்கு' என்னும் மலைமுகடும் இந்நிலத்தைச் சார்ந்ததே. 1888-இல் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி, கார்வேட்டிநகர ஜமீனுக்குட்பட்ட ஊராக இருந்தது. அவர் தமிழ்நாட்டினரா ஆந்திரரா என்று இன்று எழும் வாதம், அவர் பிறந்த காலத்தில் இல்லாத ஒரு கோட்டை அக்காலத்தின் மீது வரைந்து பார்ப்பதால் விளைவது.

ஜமீனின் அரசவை இசை வரலாற்றில் தனி இடம் பெற்றது. 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் சாரங்கபாணி, கார்வேட்டிநகர வேணுகோபாலனைத் தலைவனாகக் கொண்டு தெலுங்கில் பதங்கள் இயற்றினார். பேச்சு வழக்குக்கு நெருக்கமான மொழியில் அமைந்த அப்பதங்கள் க்ஷேத்ரக்ஞரின் பதங்களுக்கு அடுத்து வைத்து எண்ணப்படுபவை. கோவிந்தசாமய்யா, கூவனசாமய்யா என்னும் சகோதரர்களின் வர்ணங்களும் இவ்வவையோடு தொடர்புடையவை. சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இவர்களைப் பற்றிய குறிப்பைத் தருகிறது. அதே ஜமீனின் தென்பகுதியான திருத்தணியில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையை இயற்றினார் என்பது மரபு. வேணுகோபாலன் மீது தெலுங்குப் பதமும் முருகன் மீது வடமொழிக் கீர்த்தனையும் ஒரே ஜமீன் எல்லைக்குள் பிறந்திருக்கின்றன. இன்றோ முதலாவது 'ஆந்திர இசை' என்ற அத்தியாயத்திலும் இரண்டாவது 'தமிழக இசை' என்ற அத்தியாயத்திலும் தனித்தனியே கற்பிக்கப்படுகின்றன.

ஊரின் சிறப்புக் குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. 1860-களில் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா நோக்கி அமைந்த இருப்புப்பாதை திருத்தணி, நகரி, புத்தூர் வழியே சென்றது. கார்வேட்டிநகரம் அதற்கு மேற்கே ஒதுங்கிவிட்டது. வணிகமும் அலுவலகங்களும் இருப்புப்பாதையைத் தொடர்ந்தன. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது ஜமீன் முழுவதும் வடாற்காட்டிலிருந்து பிரிந்து புதிய மாவட்டத்தில் சேர்ந்தது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் அரசவைக்கு ஆதாரமாயிருந்த நில உரிமையை முடிவுக்குக் கொண்டுவந்தது. குடியானவர்களுக்கு அது விடுதலை. தலைநகர் என்ற நிலையை அதன்பின் ஊர் எவ்வகையிலும் காத்துக்கொள்ள இயலவில்லை.

1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் இணைக்கப்பட்டது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் களம் பெரும்பாலும் இந்தப் பழைய ஜமீன் நிலமே. பின்னர் எச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், மொழிப் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி ஆகியவை அவர் கைக்கொண்ட அடிப்படைகள். அதன்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. கார்வேட்டிநகரம், புத்தூர், நகரி ஆகியவை ஆந்திரத்திலேயே தங்கின. தலைநகர் ஒரு மாநிலத்திலும் அதன் தென்பகுதி மற்றொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தன.

மக்கள் தம் மொழியில் ஆளப்பட வேண்டும் என்ற கோரிக்கைக்குக் கிராமத்தை அலகாகக் கொண்ட முறை நியாயமான விடையளித்தது. ஆயினும் மொழியைக் கணக்கெடுக்கும் அலகு, நீரோட்டத்தை அளக்கும் அலகு ஆகாது. லவா, குசா என்னும் ஓடைகள் பள்ளிப்பட்டு அருகே கூடிக் கொசஸ்தலையாறாகின்றன. 1944-இல் திறக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் அந்த ஆற்றைத் தடுத்தே சென்னைக்குக் குடிநீர் தருகிறது. ஆற்றின் மேற்பகுதியில், கார்வேட்டிநகர வட்டாரத்தில், அம்மப்பள்ளி அணை என்று வழங்கும் கிருஷ்ணாபுரம் அணை உள்ளது. 2021 நவம்பர் மழையில் அதன் மதகுகள் திறக்கப்பட்டபோது பள்ளிப்பட்டின் தரைப்பாலங்கள் மூழ்கின. சித்தூர் மாவட்டத்தில் இவ்வாற்றின் குறுக்கே மேலும் இரு நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திர அரசு திட்டமிட்டது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டு முதலமைச்சர் அதற்கு எதிர்ப்புத் தெரிவித்து ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஒரு காலத்தில் ஒரே ஜமீனுக்குள் ஓடிய நீர் இன்று இரு அரசுகளுக்கிடையே கடிதப் பொருளாகியுள்ளது.

வடக்கெல்லை குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் திருத்தணியோடு நின்றுவிடுகின்றன. கோடு விழுந்த இடத்தில் ஆய்வும் முடிந்துவிட்டால், அக்கோடு எதைப் பிரித்தது என்பது புலப்படாது. திருத்தணியின் நில உறவுகளையும் நெசவுக் குடியேற்றங்களையும் கோயில் நிர்வாகத்தையும் ஆராய்வோர் கார்வேட்டிநகர ஜமீனை ஒரே ஆய்வுக்களமாகக் கொள்வது பயன்தரும். அதற்குத் தெலுங்கு வாசிப்பு தேவை. அதேபோல் கார்வேட்டிநகரப் பதங்களை ஆராயும் தெலுங்கு மாணவருக்குத் தமிழ் தேவை. இரு மொழியும் புழங்கிய ஓர் ஊரின் வரலாறு ஒரு மொழியில் மட்டும் எழுதப்படும்வரை அரைகுறையாகவே இருக்கும்.