குருட்டுக் கொக்கு

மதுரங்குளியில் எங்கள் வளவின் பின்பக்கம், தென்னைகளுக்கு நடுவே, முன்னொரு காலம் தேங்காய் மட்டை ஊறப்போட்ட கிடங்கு ஒன்று கிடக்கிறது. இப்போது அதில் மழைத்தண்ணீரும் குஞ்சுமீனும்தான். வடக்கே புத்தளம் களப்பு, தெற்கே முந்தல் களப்பு, இன்னும் தெற்கே 2001-இல் ராம்சார் ஈரநிலமான ஆனைவிழுந்தான் குளங்கள். நீர்ப்பறவைக்குப் பஞ்சமில்லாத கரை இது. ஆனாலும் இந்தச் சின்னத் தண்ணீரையும் மதித்து வருகிற கொக்கு ஒன்றுதான்: கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மண்ணோடு மண்ணாகக் குந்தியிருக்கும் தவிட்டுநிறக் கொக்கு.

சின்ன வயதில் அதை இரண்டு பறவை என்று நம்பியிருந்தேன். கரையில் நிற்பது தவிடு. காலடி கேட்டு எழும்புவது பால்வெள்ளை. சிறகும் வாலும் வெள்ளை என்பதும், மடக்கிய சிறகை முதுகின் தவிட்டு இறகு போர்த்திவிடுகிறது என்பதும் வெகுநாள் கழித்தே விளங்கிற்று. உம்மாவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. நின்றாலும் பறந்தாலும் அது "குருட்டுக் கொக்கு". ஆள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தாலும் அசையாது. கண் தெரிந்தால் ஓடாதா என்பார்.

இந்தப் பெயரின் வேரைத் தேடத் தொடங்கியபோது ஓர் ஊகம் என்னை வெகுநாள் மயக்கி வைத்திருந்தது. பழந்தமிழில் நீர்ப்பறவைகளைக் குறிக்க வழங்கிய சொற்களில் ஒன்று குருகு. அந்தச் சொல் பேச்சிலிருந்து நழுவிய பின், பொருள் தெரியாதவர்கள் அதைக் குருடு என்று கேட்டிருக்கலாம் அல்லவா? குறுந்தொகையின் 25-ஆம் பாட்டில் கபிலர் ஒரு குருகைக் காட்டுகிறார். தலைவனும் தலைவியும் கூடிய நாளில் அங்கே இருந்த ஒரே சாட்சி அது; அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்தது. அதன் காலை மெல்லிய பசுங்காலாகச் சொல்கிறார். சின்னக் கொக்குக்கும் பெரிய கொக்குக்கும் கால் கறுப்பு. எங்கள் கிடங்குக் கொக்குக்கோ மங்கிய பச்சை. கபிலர் பார்த்தது இதைத்தான் என்றே இன்றும் நினைக்கிறேன். அப்படியானால் குருகே குருடாயிற்று என்று முடித்துவிடலாம் போலிருந்தது.

அந்த ஊகத்தை உடைக்க நூலகம் தேவைப்படவில்லை; சிங்களம் பேசும் அயலவர் போதும். சிங்களத்தில் இதன் பெயர் 'கண கொகா'. கண என்றால் குருடு. வங்காளத்தில் 'கானி பொக்'. அதற்கும் அதே பொருள். கண, கானி இரண்டையும் ஒற்றைக்கண்ணைக் குறிக்கும் 'காண' என்ற வடசொல்லில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இந்தியில் 'அந்தா பகுலா': அந்தா வேறு வேர், பொருள் மட்டும் மாறவில்லை. குருகு என்ற சொல்லையே கேட்டிராதவர்கள் அதே பறவையைக் குருடாக்கியிருக்கிறார்கள் என்றால், பெயர் பிறந்தது காதின் பிழையால் அல்ல. வயல்வரம்பில் நடந்த மனிதர்களுக்கு முன்னால் அது நின்ற நிலைதான் எங்கும் இந்தப் பெயரைத் தந்திருக்கிறது.

தமிழில் இதற்கு இன்னொரு பெயர் மடையான். வயலுக்குத் தண்ணீர் பாயும் மடையில் நின்று மீனும் தவளையும் பிடிப்பது என்று கொண்டால் நேரான, அழகான பெயர். ஆனால் மடையன் என்ற வசவு பக்கத்திலேயே நிற்பதால், கேட்பவர்கள் இதையும் ஏளனமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கொக்கின் தலையில் வெண்ணெய் வைத்து, அது உருகிக் கண்ணை மறைத்த பிறகு பிடிக்கப் போனவனின் கதை பழமொழியாகவே இருக்கிறது. அந்தப் பழமொழி கொக்கின் கண்ணுக்கு அஞ்சுகிறது என்பதை ஏனோ நாம் கவனிப்பதில்லை.

1832-இல் சைக்ஸ் இதற்கு விலங்கியல் பெயர் சூட்டினார்: ஆர்டியோலா கிரேயி. சின்னக் கொக்கு என்ற பொருளுடைய சொல்லும், கிரே என்ற விலங்கியலாளரின் பெயரும் சேர்ந்தது. அதில் கண்ணைப் பற்றிப் பேச்சில்லை.

கண்ணைப் பற்றிப் பேசியவர்கள் பின்னால் வந்தார்கள். மார்ட்டினும் கட்சிரும் 1994-இல் கொக்கினங்களின் பார்வைப் பரப்பை அளந்தார்கள். அளந்தவற்றில் இதன் நெருங்கிய உறவான, ஆர்டியோலா பேரினத்தையே சேர்ந்த ஒரு கொக்கும் உண்டு. அலகை நேராக நீட்டியபடியே, தலையைக் குனியாமல், தன் காலடியை இரு கண்ணாலும் அவற்றால் பார்க்க முடிகிறது. தண்ணீருக்குள் இருக்கும் மீன், ஒளி வளைவதால், இருக்கும் இடத்தில் தெரியாது. அந்த வித்தியாசத்தைக் கழித்துக் குத்தத் தெரியாத கொக்கு பட்டினிதான் கிடக்க வேண்டும். அசையாமல் நிற்பது, தன் நிறம் தன்னை மறைக்கிறது என்ற நம்பிக்கையில். அசைந்தால்தான் அகப்படும்.

இப்போது அதன் முதுகில் கருஞ்சிவப்பு இறகு முளைத்திருக்கிறது. கூடு கட்டும் காலம். காலையில் கிடங்கின் கரையில் பத்தடி தள்ளிக் குந்தியிருந்தேன். மஞ்சள் கண் என் பக்கமாகவே இருந்தது. அலகு மட்டும் ஒரு முறை தண்ணீருக்குள் போய் வந்தது. குறுக்கே ஒரு குஞ்சுமீன் துடித்தது. உம்மா குசினி வாசலிலிருந்து கேட்டார்: "குருடன் வந்திட்டானா?"

வந்துவிட்டது என்றேன்.